அளவு கேட்காத கட்டளை: ‘கெட்ஸ்’ நீக்கப்பட்ட வரலாறு

நம் சங்க மலரில் கோயிற்கலை, கல்வெட்டு, சங்க இலக்கியம், தில்லித் தமிழர் வரலாறு என்று பல துறைக் கட்டுரைகள் இடம்பெறுவது வழக்கம். இக்கட்டுரை அந்த வரிசையிலிருந்து சற்று விலகியது. ஒரு கணிப்பொறிக் கட்டளை எப்படிப் பிறந்தது, எப்படிக் கெட்ட பெயர் எடுத்தது, தப்பு என்று தெரிந்த பிறகும் எத்தனை ஆண்டு உயிரோடு இருந்தது, கடைசியில் யார் யார் சேர்ந்து அதை நீக்கினார்கள் என்பதே இதன் பொருள். கணிப்பொறிக்குக்கூட வரலாறு உண்டா என்று அன்பர்கள் கேட்கலாம். ஐம்பது ஆண்டுக்கு மேலாக மனிதர் கைபட்டுப் படியெடுக்கப்பட்டு வருகிற எதற்கும் வரலாறு உண்டு.

அடியேன் கல்லூரியில் கணிப்பொறி படித்தவன் அல்லன். கடையில் பேரேடு எழுதிப் பழகிய வியாபாரி. ஆனால் மோதி பாக் பக்கம் எந்தத் தமிழ்க் குடும்பத்தை எடுத்துக்கொண்டாலும் மென்பொருள் துறையில் ஒரு பிள்ளையாவது இருக்கிறது. அந்தப் பிள்ளைகளிடம் கேட்டும், நூல்களைத் தேடிப் படித்தும் அறிந்ததைக் கடைக்காரன் பாஷையில் சொல்லிப் பார்க்கிறேன்.

கட்டளையின் பிறப்பு

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் பெல் ஆய்வகம் என்ற புகழ்பெற்ற நிறுவனம் இருந்தது. அங்கே பணியாற்றிய டென்னிஸ் ரிட்சி 1972-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ‘சி’ என்னும் நிரல்மொழியை உருவாக்கினார். 1973-இல் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தின் மையப்பகுதி இந்த மொழியில் திருப்பி எழுதப்பட்டது. 1978-இல் பிரையன் கெர்னிகனும் ரிட்சியும் சேர்ந்து எழுதிய நூல் வெளிவந்தது. அது முதல் சி மொழி உலகமெங்கும் பரவியது. இன்றைக்கும் லினக்ஸ் முதலான இயங்குதளங்களின் அடித்தளம் சி மொழிதான்.

1979-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில், விசைப்பலகையில் தட்டுவதை ஒரு வரியாக வாங்கிக் கொடுக்க இரண்டு செயற்கூறுகள் இருந்தன. ஒன்று ‘கெட்ஸ்’. மற்றொன்று ‘எஃப்கெட்ஸ்’. இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை. முக்கியமான வித்தியாசம் ஒன்று. எஃப்கெட்ஸ் “எத்தனை பைட் வரை வாங்கலாம்?” என்று அளவு கேட்டுக்கொள்ளும். கெட்ஸ் கேட்காது. ஆக, நல்ல கட்டளையும் ஆபத்தான கட்டளையும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே கையேட்டின் ஒரே பக்கத்தில் இருந்தன என்பது இங்கே கவனிக்கத்தக்கது. நல்ல வழி இல்லாமல் ஜனங்கள் கெட்ட வழியில் போகவில்லை. கெட்ஸ் எழுதச் சுலபம், ஒரே சொல்லில் முடிந்துவிடும். அதனால் போனார்கள்.

அளவு கேட்காவிட்டால் என்ன ஆயிடும்? பேரேட்டில் ஒரு பக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் சொல்வதை எழுத எட்டு வரி விட்டிருக்கிறோம். ஒன்பதாவது வரியில், “இது முடிந்ததும் 40-ஆம் பக்கத்துக்குப் போ” என்று முதலாளி முன்பே குறித்து வைத்திருக்கிறார். எழுதுகிற பையனோ கண்ணை மூடிக்கொண்டு, சொன்னதையெல்லாம் எழுதுகிறவன். வந்தவர் பத்து வரி சொன்னால், ஒன்பதாவது வரியில் இருந்த முதலாளியின் குறிப்பு மேலேயே எழுதிவிடுவான். வந்தவர் நல்லவராக இருந்தால் கணக்கு குழம்பும், அவ்வளவுதான். கெட்டிக்காரத் திருடனாக இருந்தால்? முதல் வரியிலேயே “கல்லாச் சாவியை எதிரே நிற்பவரிடம் கொடு” என்று சொல்லி எழுத வைப்பான். ஒன்பதாவது வரிக்கு வரும்போது, “இதே பக்கத்தின் முதல் வரிக்குப் போ” என்பான். பையன் எழுதி முடித்து, குறிப்புப்படி முதல் வரிக்குப் போய், அங்கே உள்ளபடி சாவியைக் கொடுத்துவிடுவான். கணிப்பொறியும் அந்தப் பையனைப் போலத்தான். எழுதியதை நிறைவேற்றும், எழுதியது யார் என்று பார்க்காது. இதைத்தான் இடையக வழிவு என்று சொல்றாங்க.

1988 நவம்பர் 2

இந்த ஓட்டை உலகத்துக்குப் பட்டவர்த்தனமாகத் தெரிந்த நாள் 1988-ஆம் ஆண்டு நவம்பர் 2. கார்னெல் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் ராபர்ட் டப்பன் மோரிஸ், தானே தன்னைப் பெருக்கிக்கொண்டு பரவும் ஒரு நிரலை அன்று மாலை இணையத்தில் விட்டார். கார்னெலிலிருந்து விட்டால் அடையாளம் தெரிந்துவிடும் என்று எம்.ஐ.டி.யிலிருந்த ஒரு கணிப்பொறி வழியாக விட்டார். இதற்குப் பிற்காலத்தில் ‘மோரிஸ் புழு’ என்று பெயர் வந்தது. அவருடைய தந்தையார் அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு மையத்தில் தலைமை விஞ்ஞானி என்பது இந்தக் கதையின் விசித்திரங்களில் ஒன்று.

புழு உள்ளே நுழைய மூன்று நான்கு வழிகளை வைத்திருந்தது. அஞ்சல் அனுப்பும் நிரலில் இருந்த ஓட்டை, எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொற்கள் ஆகியவற்றோடு, ‘ஃபிங்கர்’ சேவையும் ஒரு வழி. அந்த அமைப்பில் யார் யார் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள் என்று வெளியிலிருந்து கேட்டால் பதில் சொல்லும் சாதுவான சேவை அது. கேள்வியை வாங்க அந்த நிரல் 512 பைட் இடம் ஒதுக்கியிருந்தது. வாங்கியது கெட்ஸ் மூலமாக. புழு 536 பைட் அனுப்பியது. கூடுதலாக வந்தது 24 பைட் மட்டுமே. அந்த 24 பைட்தான் முதலாளியின் குறிப்பு இருந்த ஒன்பதாவது வரி.

அப்போது இணையத்தில் இருந்தவை சுமார் 60,000 கணிப்பொறிகள். அவற்றில் 6,000 அளவுக்குப் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அக்காலத்தில் மதிப்பிட்டார்கள். புழு எந்தக் கோப்பையும் அழிக்கவில்லை. ஆனால் ஒரே கணிப்பொறிக்குள் திரும்பத் திரும்ப நுழைந்து, வேறு வேலையே ஓடாமல் முடக்கிவிட்டது. பெர்க்லி பல்கலைக்கழகத்தாரும் மற்றவர்களும் இரவு பகலாக உட்கார்ந்து புழுவைப் பிரித்துப் படித்துத் திருத்தங்களை வெளியிட்டார்கள். ஃபிங்கர் நிரலுக்குச் செய்த திருத்தம் மிகச் சிறியது: கெட்ஸை எடுத்துவிட்டு எஃப்கெட்ஸைப் போட்டார்கள்.

1990-இல் மோரிஸுக்கு மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேர சமூக சேவை, 10,050 டாலர் அபராதம் எனத் தண்டனை விதிக்கப்பட்டது. பிற்காலத்தில் அவர் எம்.ஐ.டி.யிலேயே பேராசிரியர் ஆனார். இப்படிப்பட்ட அவசரங்களுக்கு ஓர் ஒருங்கிணைப்பு மையம் வேண்டும் என்று கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ‘செர்ட்’ அமைப்பு அதே நவம்பர் மாதத்தில் தொடங்கப்பட்டது.

இருபத்து மூன்று ஆண்டுத் தயக்கம்

இத்தனை நடந்த பிறகு மறுநாளே கெட்ஸைத் தூக்கி எறிந்திருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? அப்படி நடக்கவில்லை. வரலாறு படிக்கிறவர்கள் நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

புழு வந்து ஓராண்டு கழித்து, 1989 டிசம்பரில், சி மொழிக்கு அமெரிக்கத் தர நிர்ணயம் வந்தது. அதில் கெட்ஸ் இருந்தது. 1990-இல் அது உலகத் தரம் ஆயிற்று, அதிலும் இருந்தது. 1999-இல் புதுப்பித்தார்கள், அப்போதும் இருந்தது. 2007-இல் வெளிவந்த திருத்தப் பட்டியலில்தான் “இது வழக்கொழியும் நிலையில் உள்ளது” என்று குறித்தார்கள். 2011 டிசம்பரில் வெளிவந்த தரத்தில்தான் கெட்ஸ் முழுவதுமாக நீக்கப்பட்டது. சி மொழியைப் படைத்த ரிட்சி அதே ஆண்டு அக்டோபர் 12-இல் காலமாகியிருந்தார். சி++ மொழி தன்னுடைய 2014-ஆம் ஆண்டுத் தரத்தில் நீக்கியது.

1988-க்கும் 2011-க்கும் இடையில் இருபத்து மூன்று ஆண்டுகள். தப்பு தெரியாமலா இருந்தது? தெரிந்தே இருந்தது. காரணம், ஏற்கனவே எழுதிப் புழக்கத்தில் இருக்கிற நிரல்கள். ஒரு கட்டளையை எடுத்துவிட்டால், அதை நம்பி எழுதிய ஆயிரக்கணக்கான நிரல்கள் மறுபடி தொகுக்கும்போது நின்றுபோகும். கடைத்தெருவில் பழைய படியை மாற்றி லிட்டர் கொண்டுவந்தபோது எத்தனை காலம் இரண்டும் சேர்ந்து புழங்கின என்று பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். சட்டத்தை ஒரே நாளில் எழுதிவிடலாம். கைப்பழக்கம் ஒரே நாளில் போகாது.

ஒட்டுப் போடும் கலை

தரநூலில் நீக்கியது ஒரு பங்கு வேலைதான். நிரல்களில் உள்ள கெட்ஸை யார் எடுப்பது? மூலநிரல் வெளியே தெரியாத மென்பொருளில், அதை விற்ற கம்பெனிதான் எடுக்க முடியும். திறந்த மூல மென்பொருளில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுத்ததை ‘ஒட்டு’ ஆக எழுதி மூல ஆசிரியருக்கு அனுப்பலாம். பேட்ச் என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான். கிழிந்த சாக்குக்கு ஒட்டுப் போடுகிறோமே, அதே சொல்தான் இதற்கும் பொருந்துகிறது.

இந்த முறைக்கு நம் ஏட்டுச்சுவடி மரபில் நெருங்கிய உறவு உண்டு. உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்தபோது பல பிரதிகளைத் தேடி ஒப்பிட்டார். கும்பகோணத்துச் சைன அன்பர்களிடம் சமயப் பொருள் கேட்டுத் தெளிந்தார். பிரதிக்குப் பிரதி வேறுபடும் பாட பேதங்களைக் குறித்துக்கொண்டார். அதே வேலையைக் கணிப்பொறியில் செய்ய, பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் 1970-களில் ‘டிஃப்’ என்ற கருவியை எழுதினார். இரண்டு பிரதிகளை ஒப்பிட்டு எந்த வரி மாறியது என்று சொல்வது அதன் வேலை. 1985-இல் லாரி வால் என்பவர் ‘பேட்ச்’ என்ற கருவியை வெளியிட்டார். அந்தப் பாட பேதப் பட்டியலை வாங்கிப் பழைய பிரதியைத் தானே திருத்திவிடும் கருவி அது. நீக்க வேண்டிய வரிக்கு முன்னால் கழித்தல் குறி, சேர்க்க வேண்டிய வரிக்கு முன்னால் கூட்டல் குறி, இடம் தெரிவதற்காக மேலும் கீழும் மாறாத வரிகள் சில. அந்தக் காலத்துப் புத்தகங்களின் கடைசியில் வரும் ‘பிழைதிருத்தம்’ பக்கத்தை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

கெட்ஸை எடுத்து எஃப்கெட்ஸைப் போடுவது சுலபம் மாதிரி தெரியும். கண்ணை மூடிக்கொண்டு போட்டால் வேறு தப்பு வரும். கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, வரி முடிவில் தட்டும் என்டர் விசை. கெட்ஸ் அதைக் கழித்துவிட்டுத் தரும்; எஃப்கெட்ஸ் அதையும் சேர்த்துத் தரும். பழைய முறையோடு ஒத்துப்போக இப்படி வைத்ததாக ஏழாம் பதிப்புக் கையேடே ஒப்புக்கொள்கிறது. சரக்கை எடை போட்ட பிறகு சாக்கு எடையைக் கழிக்கிற மாதிரி, இதைக் கழித்தாக வேண்டும். மறந்துவிட்டால், சரியான கடவுச்சொல் தட்டினாலும் பொருந்தவில்லை என்று நிரல் சொல்லும்.

இரண்டாவது, இடத்தின் அளவு. சி மொழியில் அளவு கேட்க ‘சைஸ்ஆஃப்’ என்று ஒரு வழி இருக்கிறது. இடம் அங்கேயே ஒதுக்கப்பட்டிருந்தால் அது சரியான அளவைச் சொல்லும். வேறு எங்கோ ஒதுக்கிய இடத்தின் முகவரி மட்டும் கையில் இருந்தால், இன்றைய கணிப்பொறிகளில் பெரும்பாலும் 8 என்று சொல்லும். கிடங்கு எவ்வளவு பெரியது என்று கேட்டால் கிடங்கு விலாசம் எழுதிய சீட்டின் நீளத்தைச் சொன்ன கதைதான்.

மூன்றாவது, மிச்சம். கெட்ஸ் எவ்வளவு வந்தாலும் விழுங்கும். எஃப்கெட்ஸ் அளவு நிரம்பியதும் நிறுத்திவிடும்; மீதி வரி வாசலில் காத்திருக்கும். அடுத்த கேள்விக்குப் பதிலாக அந்த மீதி உள்ளே வந்துவிடும். பெயரின் பாதி, ஊர் என்ற கட்டத்தில் போய் உட்காரும்.

இங்கே தமிழர்களுக்கென்று தனியாக ஒரு கணக்கு இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘முருகன்’ என்று எழுத ஏழு எழுத்து, ஏழு பைட். தமிழில் யூனிகோடு முறைப்படி மகரம், உகரக்குறி, ரகரம், உகரக்குறி, ககரம், னகரம், புள்ளி என ஏழு குறியீடுகள். இணையத்தில் பரவலாகப் புழங்கும் யு.டி.எஃப்-8 வடிவில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஆக 21 பைட். முடிவுக் குறிக்கு ஒன்று சேர்த்தால் 22. பெயருக்கு 20 பைட் போதும் என்று எழுதிய நிரலில் ஆங்கிலத்து முருகன் அமைதியாக உட்கார்ந்திருப்பான். தமிழ் முருகன் வெளியே வழிவான்! கெட்ஸாக இருந்தால் பக்கத்து இடம் அழியும். எஃப்கெட்ஸாக இருந்தால் 19 பைட்டோடு வெட்டிவிடும். அதாவது ‘முருகன’ என்று புள்ளியில்லாமல் 18 பைட், அதோடு புள்ளியில் மூன்றில் ஒரு பங்கு. திரையில் கடைசி எழுத்து சிதைந்து வரும். ஆகவே ஒட்டுப் போடுகிறவர் தமிழ் அறிந்தவராக இருந்தால், கட்டளையை மாற்றுவதோடு நிற்காமல் இடத்தையும் பெரிதாக்குவார். இது வெளிநாட்டார் நமக்காக யோசித்துச் செய்வார்கள் என்று எதிர்பார்க்கக்கூடிய விஷயம் அல்ல.

காவலாளி தடுக்கி விழுந்த கதை

2012-இல் நடந்த ஒரு சம்பவம் இந்த வரலாற்றில் மிகச் சுவையானது. லினக்ஸ் அமைப்புகளில் சி மொழிக்கு அடிப்படையாக உள்ள நூலகம் ‘ஜிலிப்சி’. 2012 ஜூனில் வந்த அதன் 2.16 பதிப்பு, புதிய தரத்தை ஒட்டி, புதிய முறையில் தொகுக்கும் நிரல்களுக்குக் கெட்ஸை அறிவிப்பதையே நிறுத்திவிட்டது. நல்ல காரியம்தானே? ஆனால் மறுபக்கம் வேறு நிரல்கள் தொகுக்கும்போது வரிசையாக நின்றன. எம்4, டார், லிப்ஐகான்வ் போன்ற பழம்பெரும் குனூ நிரல்கள் அவற்றில் அடங்கும்.

இவையெல்லாம் கெட்ஸைப் பயன்படுத்தினவா என்றால், இல்லை! ‘குனூலிப்’ என்ற பொதுத் தொகுப்பிலிருந்து படியெடுத்த ஒரு கோப்பு இவை ஒவ்வொன்றிலும் இருந்தது. அதில் “கெட்ஸ் பாதுகாப்பு ஓட்டை, எஃப்கெட்ஸைப் பயன்படுத்து” என்று எச்சரிக்கும் ஒரு வரி இருந்தது. கெட்ஸ் என்ற பெயரோடு எச்சரிக்கையைக் கட்டி வைப்பது அந்த வரியின் வேலை. இப்போது அந்தப் பெயரே பதிவேட்டில் இல்லை. “இன்னாரைக் கண்டால் விசில் ஊது” என்று காவலாளியிடம் சொல்லியிருந்தோம். அந்த ஆள் ஊரை விட்டே போய்விட்டான். காவலாளியோ, “அப்படி ஒருத்தர் இங்கே இல்லையே” என்று வாசலை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டார்!

குனூலிப் மூலத்தில், பெயர் இருந்தால் மட்டும் எச்சரிக்கை செய் என்று திருத்திவிட்டார்கள். ஆனால் முன்பே படியெடுத்து வெளியான பதிப்புகளில் பழைய வரி அப்படியே இருந்தது. ஓர் ஏட்டில் விழுந்த பிழை, அதைப் பார்த்து எழுதிய எல்லா ஏட்டிலும் தொடர்வதைப் போல. ஆகவே லினக்ஸ் வெளியீடுகளைத் தொகுத்து வழங்கும் தன்னார்வலர்கள் நிரல் நிரலாகப் போய் ஒட்டுப் போட்டார்கள். பல இடங்களில் அந்த ஒட்டு ஒரு வரியை நீக்குவதோடு முடிந்தது. ஒரு வரிதான். ஆனால் அதை அத்தனை பிரதிகளிலும் செய்தாக வேண்டியிருந்தது.

கெட்ஸ் முற்றாக ஒழிந்ததா? பழைய நிரல்கள் ஓடவேண்டும் என்பதற்காக ஜிலிப்சி உள்ளே அதை இன்னும் வைத்திருக்கிறது. பழைய முறையில் தொகுத்தால் இது ஆபத்தானது, பயன்படுத்தாதே என்று எச்சரிக்கை வரும். ஃப்ரீபிஎஸ்டி தன் 13-ஆம் பதிப்பில், இனிப் புதிய நிரல் எதுவும் கெட்ஸோடு இணைய முடியாதபடி செய்துவிட்டது.

நம் நாட்டில், நம் வீட்டில்

இந்தியாவில் திறந்த மூல மென்பொருளுக்கு ஒரு தேசிய வள மையம் 2005-இல் அமைந்தது. சென்னையில் சி-டாக் நிறுவனமும், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் உள்ள ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும் அதை நடத்தின. அங்கிருந்து 2007-இல் ‘பாஸ்’ என்னும் பாரத இயங்குதளம் வெளிவந்தது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்கும் இது, டெபியன் என்னும் உலகளாவிய தன்னார்வலர் வெளியீட்டை அடிப்படையாகக் கொண்டது. டெபியனில் யாரோ ஒரு நாட்டில் போட்ட ஒட்டு, மெல்ல மெல்ல நம் ஊர் அலுவலகக் கணிப்பொறிக்கும் வந்து சேரும். கார்னெகி மெலன் அமைப்பைப் போல இந்தியாவுக்கென ‘செர்ட்-இன்’ 2004 ஜனவரியில் தில்லியில் தொடங்கப்பட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 70-பி பிரிவு அதற்குச் சட்ட அந்தஸ்து அளிக்கிறது. மோதி பாக்கிலிருந்து லோதி சாலை ஒன்றும் தூரமில்லை.

ஆனால் நமக்கு மிகவும் பக்கத்தில் நடந்தது வேறு. சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பில் பல ஆண்டுகள் சி++ மொழிதான் பாடம். பெயரை வாங்குவதற்குக் கெட்ஸ் எழுதுவது அந்தப் பாடத்தில் சர்வ சாதாரணம். கெட்ஸ் எந்தத் தலைப்புக் கோப்பில் இருக்கிறது என்பது தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் விடைகளில் ஒன்று. பல பள்ளிகளில் ஓடியது 1990-களின் டர்போ சி++. அது புதிய தரம் எதையும் அறியாது. ஆகவே எச்சரிக்கை எதுவும் தராது. உலகம் கெட்ஸை நீக்கிய பிறகும் நம் பிள்ளைகள் அதை எழுதி மதிப்பெண் வாங்கினார்கள். இப்போது பாடம் பைத்தானுக்கு மாறிவிட்டது. அந்த மொழியில் இந்த ஆபத்து இல்லை. ஆனால் அன்று படித்த பிள்ளைகள்தான் இன்று குருகிராமத்திலும் நொய்டாவிலும் பெங்களூரிலும் உட்கார்ந்து வங்கிக்கும் மருத்துவமனைக்கும் நிரல் எழுதுகிறார்கள். பள்ளியில் கை பழகியது நாற்பது வயதிலும் கையில் இருக்கும்.

கெட்ஸ் போனதோடு பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. அளவு பார்க்காமல் படியெடுக்கும் வேறு செயற்கூறுகள் சி மொழியில் இன்னும் உண்டு. அதனால்தான் 2022 டிசம்பரில் லினக்ஸ் மையப்பகுதி ரஸ்ட் என்ற மொழிக்கும் இடம் கொடுத்தது. நினைவகப் பாதுகாப்புள்ள மொழிகளுக்கு மாறுங்கள் என்று 2024 பிப்ரவரியில் அமெரிக்க வெள்ளை மாளிகையே அறிக்கை வெளியிட்டது.

இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? பிழையைக் கண்டுபிடிப்பது ஒருவர் வேலை. ஒரே இரவில் முடிந்தது. பிழையை நீக்குவது ஊர் கூடிச் செய்த வேலை. ஒரு தலைமுறை பிடித்தது. நீக்கியவர்களில் பெரும்பாலோர் பெயர் நமக்குத் தெரியாது. சம்பளத்துக்காகச் செய்தவர் சிலர், சும்மா செய்தவர் பலர். நம் வீட்டுப் பிள்ளைகளும் இதில் சேரலாம். திறந்த மூல நிரல் ஒன்றை எடுத்து, தமிழ்ப் பெயரைத் தட்டிப் பார்த்து, எங்கே வழிகிறது, எங்கே எழுத்து உடைகிறது என்று குறித்து, ஓர் ஒட்டு எழுதி அனுப்புவதற்குப் பெரிய பட்டம் தேவையில்லை. அளவு பார்க்கும் பழக்கமும், தமிழ் எழுத்து தெரிந்த கண்ணும், ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும்.